அட்டைப்பெட்டியில் தொடங்கிய காட்சிக்கூடம்: ஒரு திட்டமிடல் சேவையின் மதிப்பீடு

அளவைக் கருவிகளுக்கென எங்கள் அருங்காட்சியகம் புதிதாக அமைத்த காட்சிக்கூடத்துக்காக, பார்வையாளர் ஆய்வையும் காட்சித் திட்டமிடலையும் சேர்த்துச் செய்துதரும் ஒரு சேவை நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். கூடம் திறந்து ஓராண்டு கடந்துவிட்டது. திறப்பு விழாவன்று எழுதியிருந்தால் இது வெறும் பாராட்டுரையாக முடிந்திருக்கும். இப்போது குறைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்துவிட்டு, இத்தகைய சேவையை நாட நினைக்கும் பிற காப்பாட்சியர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அவர்களுடைய வேலை மூன்று கட்டங்களாக நடந்தது. காட்சிப்பேழைகளை வரைவதற்கு முன்பே பார்வையாளர்களிடம் பேசி, அவர்களுக்கு என்ன தெரியும், எதை அறிய விரும்புகிறார்கள் என்று கேட்டறியும் முன்னாய்வு முதற்கட்டம். மலிவான மாதிரிகளை வைத்துச் சோதிப்பது அடுத்தது. கூடம் திறந்தபின் வருவோரின் நடமாட்டத்தைக் கவனித்து அறிக்கை தருவது கடைசி. இந்தப் பிரிவு இத்துறையில் பல பத்தாண்டுகளாக வழங்கிவருவதுதான். அவர்களும் அதைத் தங்கள் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொள்ளவில்லை. முதலிரண்டு கட்டங்களும் கொடுத்த கட்டணத்துக்கு மேலாகவே பயன் தந்தன. மூன்றாவது பெரும்பாலும் வீணாயிற்று. அதில் அவர்கள் பங்கு பாதி, எங்கள் பங்கு பாதி.

முன்னாய்வின் முதல் அடி கூடத்தின் பெயர்மீதே விழுந்தது. ‘அளவையியல் கூடம்’ என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். நுழைவாயிலில் நின்று கேட்டபோது, சிலர் அது தருக்க நூல் பற்றியது என்று எண்ணினார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்கு அப்படியொரு பொருள் நெடுங்காலமாக இருப்பதால் அவர்களைக் குறைசொல்ல வழியில்லை. மற்றவர்களோ, பள்ளிக் கணக்குப் பாடம் போலும் என்று சொல்லி நகர்ந்தார்கள். ஆனால் எடைக்கற்களின் படங்களைக் காட்டியதும் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள்: விற்பவர் எடையில் ஏமாற்றினால் அந்தக் காலத்தில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கருவிகளைக் கால வரிசையில் அடுக்குவதென்ற எங்கள் திட்டம் அந்தக் கேள்விக்கு எங்கேயும் விடை சொல்லவில்லை. எனவே, ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே அளவை நம்புவது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைச் சொல்லும் ஒற்றை வாக்கியத்தை எங்களையே எழுதவைத்து, அதற்கு உதவாத பொருள்களையெல்லாம் வெளியே எடுத்துவைக்கும்படி வற்புறுத்தினார்கள். நான் பல ஆண்டுகளாகப் போற்றிவந்த மூன்று கருவிகள் அப்படித்தான் சேமிப்பறைக்குத் திரும்பின. அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைப்பதில் பயனில்லை.

ஊழியர்களுக்கென ஒரு காலை நேரப் பயிற்சி வகுப்பும் இருந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் கில்மன், பேழைகளில் இருப்பதைச் சரியாகப் பார்க்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாக எடுத்து, அருங்காட்சியகக் களைப்பைப் பற்றி 1916இல் எழுதியதிலிருந்து வகுப்பு தொடங்கியது. படங்களைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு எங்கள் பழைய கூடத்துக்கு அழைத்துச் சென்று கீழ்த்தட்டுப் பொருள்களின் அட்டைகளைப் படிக்கச் சொன்னார்கள். இருவர் முழந்தாளிட்டார்கள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

யேல் பல்கலைக்கழக உளவியலாளர்களான எட்வர்டு ராபின்சனும் ஆர்தர் மெல்டனும் 1920களிலும் 30களிலும் பார்வையாளர்களைப் பின்தொடர்ந்து நேரம் குறித்து ஆராய்ந்தவர்கள். வெளியேறும் வாசல் கண்ணில் பட்டதும் அது ஆள்களை இழுத்துக்கொள்கிறது என்பதும், மெல்டன் கவனித்த கூடங்களில் நுழைந்தவர்களில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்பினார்கள் என்பதும் அவருடைய புகழ்பெற்ற முடிவுகள். எங்கள் வரைபடத்தில் இரண்டாவது வாசல் வலச்சுவரின் நடுவில் இருந்தது. கூடத்தின் முக்கியப் பொருளை, அதாவது ஒரு காலத்தில் உலகின் கிலோகிராம் அளவாக இருந்த உலோக உருளையின் நகலையோ அந்த வாசலையும் தாண்டி வைத்திருந்தோம். எங்கள் சேவை நிறுவனத்தார் அந்த ஆய்வை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், தரையில் காகித நாடாக்களை ஒட்டிச் சுவர்களையும் பேழைகளையும் குறித்து, வந்தவர்களை நடக்கவிட்டுப் பார்த்தார்கள். வலப்பக்கம் திரும்பும் பழக்கம் எங்கள் கூடத்தில் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. வாசலின் இழுப்பு மட்டும் சற்றும் பிசகவில்லை. உருளை இடம் மாறியது. நாடாச் சுருள்களுக்கு ஆன செலவைத் தவிர வேறொன்றும் செலவாகவில்லை.

இந்தச் சேவையின் உயிர் இரண்டாம் கட்டத்தில்தான் இருக்கிறது. அட்டைப்பெட்டிகளும் அச்சிட்ட தாள்களும் கடன்வாங்கிய மேசை ஒன்றும் கொண்டு, கூடத்தின் கால்பங்கை நடைவழியில் எழுப்பிவிட்டார்கள். பார்வையாளர்கள் தாங்களே இயக்கிப் பார்ப்பதற்கான தராசு ஒன்று எங்கள் திட்டத்தில் இருந்தது. ‘இரு தட்டுகளும் சமநிலை அடையும்வரை எடைகளைச் சேர்க்கவும்’ என்று அதன்மேல் எழுதியிருந்தோம். பிள்ளைகள் தட்டைக் கையால் அழுத்தி விளையாடினார்கள்; பெரியவர்கள் பின்னால் நின்று காத்திருந்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கியும் எதுவும் மாறவில்லை. மூன்றாம் முயற்சியில் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் சில எடைக்கற்களை வைத்து, ‘இவற்றில் ஒன்று பொய் சொல்கிறது. எது?’ என்று மட்டும் கேட்டார்கள். அதன்பின் ஒருவர் எடை வைக்க, மற்றவர் ஊகம் சொல்ல, குடும்பமே அந்த மேசையைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் நின்று இயக்குவதற்கென வரைந்திருந்த மேசை போதாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அருங்காட்சியகத்துக்கு மனிதர்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது வேறு, அதற்கேற்ற மேசையைச் செய்வது வேறு. இரு பக்கங்களிலிருந்தும் எட்டக்கூடியதாக, சக்கர நாற்காலியில் வருபவரின் முழங்கால் கீழே நுழைய இடம்விட்டு மேசையை மாற்றினோம். தச்சரிடம் கொடுக்குமுன் இது தெரிந்தது எங்கள் நற்பேறு.

விளக்க அட்டைகளைச் சோதித்த முறையும் எளிது: பார்வையாளரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, குரல் தடுமாறும் இடத்தில் பென்சிலால் கோடிடுவார்கள். கிலோகிராமைப் பற்றி நான் எழுதிய அட்டை ஒரு பக்கத்துக்கு நீண்டது. பிளாட்டினமும் இரிடியமும் கலந்த விகிதம்வரை அதில் உண்டு. இன்று கிலோகிராமை வரையறுக்கும் இயற்கை எண்ணான ‘பிளாங்க் மாறிலி’ என்ற சொல்லில்தான் எல்லோரும் தடுக்கி விழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நான்கு வரி முன்னதாகவே, நான் பெருமையோடு எழுதியிருந்த நீண்ட வாக்கியத்தின் நடுவில் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். பலமுறை மாற்றியபின் நின்றது இதுதான்: ‘1889 முதல், பாரிஸுக்கு அருகே பூட்டிவைக்கப்பட்ட ஓர் உலோக உருளையே உலகின் கிலோகிராம். அது தேய்ந்தாலும், எடை கூடினாலும், அதுவே சரியான கிலோகிராம். 2019 மே 20 முதல் அந்த உருளையின் இடத்தை இயற்கையின் மாறாத எண் ஒன்று பிடித்துக்கொண்டது.’ இதைப் படித்தவர்கள் உருளையைத் திரும்பிப் பார்த்தார்கள். விகிதத்தைக் கேட்பவர்களுக்கு ஊழியர்கள் சொல்கிறார்கள், கேட்பவர்கள் சிலரே.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு சொல். பழைய காகித அட்டவணைகளைப் பாதுகாக்க 50 லக்ஸுக்கு (லக்ஸ் என்பது ஒளிச்செறிவின் அலகு) மேல் ஒளி விடக்கூடாது என்பதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். அவர்கள் வாதாடவில்லை, அதே மங்கிய ஒளியில் முதியவர்களைக் கொண்டு எழுத்துகளைப் படிக்கவைத்து, எழுத்தின் அளவையும் பின்னணி நிறத்தையும் மாற்றினார்கள். பொருளைக் காப்பவருக்கும் பார்க்க வருபவருக்கும் இடையில் வழக்கமாக மூளும் சண்டை எங்களுக்குள் நேராமல் போனது இதனால்தான்.

இனிக் குறைகள். தொடுதிரைகளை அவர்கள் சற்று அதிகமாகவே பரிந்துரைத்தார்கள். நாங்கள் ஒன்றை ஏற்றோம். அதற்கான மென்பொருள் கடைசி நேரத்தில் வந்ததால், கூடத்தில் எந்தச் சோதனைக்கும் உட்படாத ஒரே உறுப்பு அதுவாகவே ஆயிற்று. அட்டையையும் நாடாவையும் கொண்டு அத்தனையையும் சோதித்தவர்கள், திரையில் வரவேண்டிய பக்கங்களைத் தாளில் அச்சிட்டுச் சோதிக்க ஏன் எண்ணவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. இப்போது அந்தத் திரையைத் தொடுபவர்கள், முகப்புப் பக்கத்தைப் பார்த்தபின் நகர்ந்துவிடுகிறார்கள். நேர்காணல்களில் ‘உங்களுக்கு எது பிடித்தது?’ என்ற கேள்வி வேண்டிய அளவுக்கு மேல் இடம் பிடித்ததும் ஒரு குறை. விருந்தினராக வந்தவர்கள் மரியாதைக்காக எல்லாம் பிடித்தது என்றே சொன்னார்கள்.

மூன்றாம் கட்டமான நிறைவு ஆய்வின் தரத்தில் எனக்குக் குறையில்லை. யார் எங்கே நின்றார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைக் கூடத்தின் வரைபடத்திலேயே குறித்துக் காட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட கண்காட்சிகளில் இப்படிக் கணக்கெடுத்து, அருங்காட்சியகப் பார்வையாளர் ஆய்வாளரான பெவர்லி செரல் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, பார்வையாளர்கள் பெரும்பாலும் ஒரு கண்காட்சியில் 20 நிமிடங்களுக்கும் குறைவாகவே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்ப்பவர்கள் அரிது. அதை முன்பே சொல்லியிருந்ததால் எங்கள் கூடத்தின் கணக்கு எங்களை அதிரவைக்கவில்லை. கடிகாரங்கள் உள்ள மூலைக்கு ஆள் போவதில்லை என்றும், முன்னாலிருக்கும் உயரமான பேழை அதை மறைக்கிறது என்றும் அறிக்கை தெளிவாகக் காட்டியது. ஆனால் அறிக்கை வந்தபோது பேழையை நகர்த்தப் பணமில்லை; ஒப்பந்தத்திலும் அப்படியொரு வேலை இல்லை. 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தில் காட்சிகளைச் செய்யும் பட்டறையே பார்வையாளர்களின் கண்ணெதிரில் இயங்குகிறது. கூடத்தில் சரிப்படாதது அங்கே திரும்பிப்போய்ச் செப்பனிடப்படும். அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது. எனினும், திறந்தபின் திருத்துவதற்கென ஒரு தொகையைத் தொடாமல் ஒதுக்கிவைக்கும்படி எங்களுக்கு முதல் நாளே எடுத்துச்சொல்வது அவர்கள் கடமை. கேளாமலே ஒதுக்கிவைத்திருக்க வேண்டியது எங்கள் கடமை.

தொடர்பில் தாமதமில்லை; குறித்த நாள்கள் ஓரிரு முறைதான் தவறின. மீண்டும் ஒரு கூடம் அமைக்க நேர்ந்தால் இவர்களையே அழைப்பேன். ஆனால் முதலிரண்டு கட்டங்களுக்கு மட்டும் ஒப்பந்தமிட்டு, நிறைவு ஆய்வையும் திருத்த வேலையையும் ஒரே தொகையில் சேர்த்துத் தனி ஒப்பந்தமாகக் கேட்பேன். தொடுதிரையைத் தாளில் சோதித்துக் காட்டாதவரை ஏற்கமாட்டேன். சோதனைக்குப் பயன்படுத்திய அட்டைப்பெட்டிகளைப் போகும்போது எங்களிடமே விட்டுச் சென்றார்கள். சென்ற வாரம் அவற்றில் இரண்டை எடுத்து, உயரமான பேழைக்குப் பதிலாகத் தாழ்ந்த பேழை ஒன்று வந்தால் கடிகார மூலைக்கு ஆள் வருவார்களா என்று நாங்களே பார்க்கத் தொடங்கியிருக்கிறோம்.