சூரியன் அடையுமுன் எல்லா வேலையும் முடியும் வீடு: மண்டபத்தில் ஓய்வுநாள் தங்கல்

மதுரையில் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளில் சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கிறவர்கள் என்னைத் தவிரவும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ராமேஸ்வரம் போகும் வழியில் பாம்பன் பாலத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் என்ற ஊரில், வடகடல் பக்கம், ஒரு முஸ்லிம் குடும்பம் தங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறது. வெள்ளி மாலை போய்ச் சேர்ந்து, சனி மாலை வரை நிம்மதியாக இருக்க எனக்குத் தெரிந்த இடங்களில் இதற்குத்தான் முதலிடம்.

நான் மட்டக்களப்புக்காரி, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம். ஊரில் ஓய்வுநாளுக்கு நான் எதுவும் திட்டமிட்டதே இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமே அம்மா வீடு கூட்டி, உடுப்பு மடித்து, சனிக்கிழமைக்கான சோறு கறியையும் ஆக்கி வைத்துவிடுவா. பரதேசத்தில் படிக்க வந்த பிறகுதான் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் எவ்வளவு வேலை இருந்தது என்று தெரிகிறது. கல்லூரி விடுதியில் சனிக்கிழமை சாப்பாட்டுக்கு அன்றே காசு கட்டவேண்டும். வகுப்புக் குழுவில் அசைன்மென்ட் பேச்சு ஓயாது. ஓட்டலில் தங்கினால் காலையில் என்ன வேண்டும் என்று கேட்பார்கள், பில் நீட்டுவார்கள், பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். ஓய்வுநாளில் நாங்கள் வாங்குவதும் விற்பதும் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்குவதே ஒரு வேலையாகிவிடும்.

இந்த வீட்டில் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளி சூரியன் அடைந்ததிலிருந்து சனி சூரியன் அடையும்வரை என்று போனில் சொன்னதும் வீட்டுக்கார லாத்தா (அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்), “எங்களுக்கும் அப்படித்தானே புள்ள. வியாழக்கிழமை மஃரிபு ஆயிட்டா அது வெள்ளி ராத்திரிதான்” என்றார். மஃரிபுத் தொழுகை நேரத்தில், அதாவது சூரியன் அடைந்ததும், நாளைத் தொடங்குகிற வழக்கம் அவர்கள் வீட்டிலும் இருப்பதால் மற்றதெல்லாம் லேசாக முடிந்தது. எத்தனை மணிக்குச் சாப்பாடு மேலே வரவேண்டும், எப்போது காசு வாங்கவேண்டும் எல்லாவற்றையும் அவரே சொல்லிவிட்டார்.

ஐந்து மணிக்குள் அறை வாடகையும் சாப்பாட்டுக் காசும் சேர்த்து வாங்கிக்கொள்வார். ஒரு இரவுக்கு 900 ரூபாய், சாப்பாட்டுக்கு 350. சனி இருட்டும்வரை அறை என்னுடையது, அதற்குத் தனிக் காசு இல்லை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதியவேண்டும் என்பதால் கடவுச்சீட்டு, விசா நகல்களை வெள்ளியே வாங்கி அவர் மகன் பதிந்துவிடுகிறான். இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் அறை இல்லை என்று திருப்பியனுப்பிய விடுதியை இதே கரையில் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த அக்கறை எனக்குப் பெரிது.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். செதிலும் துடுப்பும் இல்லாததை நாங்கள் சாப்பிடுவதில்லை, வேதாகமத்தில் லேவியராகமம் பதினோராம் அதிகாரப்படி. இறாலும் நண்டும் கணவாயும் மலிந்த கரையில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். லாத்தா, “அப்ப திருக்கையும் கூடாது. பாறையும் விளமீனும் பாத்து வாங்குறேன்” என்று முடித்துவிட்டார். வெள்ளி மத்தியானம் மண்சட்டியில் பாறைமீன் புளிக்குழம்பு கொதித்து இறங்குகிறது. சனிக்கிழமை மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் நல்லெண்ணெய் பிரிந்து நிற்கும், வெந்தயமும் பூண்டும் மீனுக்குள் இறங்கி, சதை கரண்டி பட்டால் இதழ் இதழாகக் கழன்று வரும். மீன்குழம்புக்கு மறுநாள்தான் ருசி என்பது தெரிந்ததுதானே. கூடவே புளிச்சோறு, தயிர், கீழக்கரைத் தொதல் என்ற இனிப்பு. தேநீருக்குப் பதில் பிளாஸ்கில் கருப்பட்டி போட்ட சுக்குமல்லித் தண்ணீர். இடியாப்பம் மட்டும் சொல்லாதீர்கள், வெள்ளி அவித்தது சனிக்கு வறண்டுவிடுகிறது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆறாம் நாளில் இரண்டு நாளைக்கான மன்னாவை, தேவன் தந்த உணவை, சேர்த்தார்கள் என்று ஓய்வுநாள் பள்ளியில் சின்னவயதில் படித்தோம். ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரிக்கும் வாசலுக்குள் இருக்கும் அந்நியனுக்கும் சேர்த்துத்தான் ஓய்வு சொல்லியிருக்கிறது. நான் படுத்திருக்க இன்னொருத்தி எனக்காக அடுப்பூதினால் அது எனக்கு ஓய்வாகாது. இந்த வீட்டில் சனிக்கிழமை எனக்காக யாரும் மாடி ஏறுவதில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்?

வெள்ளி மாலை பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு கேட்டதும் போனை அணைக்குமுன் அம்மாவுக்கு ஒரு அழைப்பு. இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். ஆனால் மட்டக்களப்பு கிழக்கே இருப்பதால் அங்கே ஏறத்தாழ பத்து நிமிடம் முந்தியே ஓய்வுநாள் தொடங்கியிருக்கும், தம்பி பாட்டைத் தொடங்கியிருப்பான். ஊரிலும் காத்தான்குடிப் பக்கத்துப் பாங்கு கேட்டு வளர்ந்தவள் நான். இந்தச் சத்தம் எனக்கு அந்நியமில்லை.

சனி காலை ஜெபம், பாடம், வாசிப்பு. வெயில் தாழ்ந்ததும் கரையோரம் நடக்கலாம். இந்தப் பக்கத்தைப் பெண்கடல் என்பார்கள், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் குளம்போலக் கிடக்கும். கிழக்கே பாம்பன் பாலம் தெரியும். 1914 முதல் ரயிலைச் சுமந்த பழைய பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் நிற்கிறது. தீவுக்குப் படகு, மீன் காட்சியகம் எல்லாம் டிக்கெட் வாங்கவேண்டியவை, ஞாயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. குளிக்கிற தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது. காற்று திரும்பினால் கருவாட்டுக் களத்து வாடை அறைக்குள் வரும். சனிக்கிழமை விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாள் என்பதால் விடியுமுன்பே இறங்குதளத்தில் ஐஸ் உடைக்கும் சத்தமும் டீசல் இரைச்சலும் தொடங்கிவிடும். உறக்கம் லேசானவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். அப்போது கரை அடங்கிக் கிடக்கும், பதநீரும் கிடைக்கும்.

மாட்டுத்தாவணியிலிருந்து ராமேஸ்வரம் பேருந்தில் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் சூரியன் அடைய 6.40 ஆகும், நவம்பர் கடைசியில் 5.50க்கே அடைந்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் பன்னிரண்டு மணிப் பேருந்தைத் தவறவிடக்கூடாது. புதன்கிழமைக்குள் போன் செய்து, என்ன மீன் ஆகும் ஆகாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வியாழன் காலை ஏலத்திலேயே லாத்தா மீன் எடுத்துவிடுவார்.