குழு லோன் எடுத்த அனுபவம்: பணம் சீக்கிரம் வந்துச்சு, வசூல்தான் சரியில்ல (5க்கு 2)

கும்பகோணம் பக்கம் எங்க கிராமத்துல ஒரு மைக்ரோபைனான்ஸ் கம்பெனில குழு லோன் எடுத்தேன், கறவை மாடு வாங்க. 40,000 ரூபா, வட்டி 25 சதவீதம், வாரம் 871 வீதம் 52 வாரம். ஆதார், ரேஷன் கார்டு மட்டும்தான் கேட்டாங்க, அடமானம் எதுவும் இல்ல, ஒரே வாரத்துல அக்கவுண்ட்ல ஏறிடுச்சு. அதுக்குத்தான் அந்த 2 மார்க்.

ஆனா ஏறினது 38,628தான். ப்ராசஸிங் பீஸ் ஜிஎஸ்டியோட 472 சரி, 900 ரூபா இன்சூரன்ஸ்னு பிடிச்சிருக்காங்க, அத பத்தி என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல.

பையனுக்கு காய்ச்சல்னு ஆஸ்பத்திரில இருந்ததால ஒரே ஒரு வாரம், குழுவா கூடி தவணை கட்டுற சென்டர் மீட்டிங்குக்கு போக முடியல. அன்னைக்கு ராத்திரி ஏழரைக்கு பீல்டு ஆபீசர் வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டு, எங்க குழு தலைவி அக்காவையும் கூட்டிட்டு வந்து, பணம் வெச்சாதான் கிளம்புவேன்னு நிக்கிறாரு, தெருவே வேடிக்கை பாக்குது, மாமியார் உள்ள போய் கதவ சாத்திக்கிட்டாங்க. தலைவி அக்காதான் தன் கைக்காசு போட்டு அனுப்பி வெச்சாங்க, பாவம்.

அப்புறம்தான் தங்கச்சி ரிசர்வ் வங்கி விதிய எடுத்து படிச்சு காட்டுனா. 2010ல ஆந்திரால குழு கடன் பிரச்சினை வெடிச்ச பிறகு வர ஆரம்பிச்ச விதிங்க, இப்ப இருக்கிறது 2022ல மாத்துனது. தவணைய கம்பெனியும் நாமளும் ஒத்துக்கிட்ட பொது இடத்துலதான் வாங்கணும், தொடர்ந்து ரெண்டு தடவ வராம இருந்தாதான் வீட்டுக்கு வரலாம். காலைல 9க்கு முன்னாடியும் சாயங்காலம் 6க்கு மேலயும் போன் பண்ணக்கூட கூடாது. இன்சூரன்ஸ் நம்ம சம்மதம் இல்லாம தலைல கட்டக்கூடாது. வீட்டுல இருக்க எல்லா கடனோட தவணையும் சேத்து மாச வருமானத்துல பாதிய தாண்டக்கூடாது. நாம முன்கூட்டியே அடைச்சா அபராதமும் கிடையாது. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, வட்டிக்கு இருந்த உச்சவரம்ப அந்த 2022லயே எடுத்துட்டாங்க, அதனால நாலு இடம் விசாரிச்சு எடுங்க.

லோன் அட்டையில இருந்த புகார் நம்பருக்கு போன் போட்டேன். நாலாம் நாள் மேனேஜர் பேசுனாரு, அதுக்கப்புறம் யாரும் வீட்டு பக்கம் வரல, ஆனா அந்த 900 இன்னும் வரல. கம்பெனி 30 நாள்ல பதில் சொல்லலன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், விவரத்துக்கு 14448, இன்னைக்கு 19வது நாள். இதுக்கு நடுவுல அடுத்த லோன் 60,000 தர்றோம்னு கூப்பிடுறாங்க. 900 வந்த பிறகு பேசலாம் சார்னு சொல்லிட்டேன்.