சதுரமா, வட்டமா: புதர்க்காட்டில் மரம் எண்ணப் பழக்கும்போது

சென்னையின் நன்மங்கலம் காப்புக்காட்டுக்கோ கிண்டி தேசியப் பூங்காவுக்கோ இருபது மாணவர்களைக் கூட்டிப்போனால், பிளாட்டை, அதாவது மரம் எண்ண அளந்து ஒதுக்கும் மாதிரித் துண்டை, எப்படிப் போடுவது என்பதே முதல் கேள்வி. 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரமும் 5.64 மீட்டர் ஆரமுள்ள வட்டமும் ஒரே 100 சதுர மீட்டர்தான். பிளாட்டே போடாமல், ஒரு புள்ளியைச் சுற்றி நான்கு கால்பகுதியிலும் மிக அருகிலுள்ள மரத்துக்குத் தூரம் அளப்பது மூன்றாவது வழி. பாடப்புத்தகம் மூன்றையும் ஒரே பக்கத்தில் முடித்துவிடும். காட்டில் சூரைப் புதரின் முள் அப்படி விடாது.

வட்டத்துக்கு நடுவில் அடிக்க ஒரு முளைக்குச்சி, ஒரு டேப், இரண்டு பேர் போதும். எல்லைக்கோடு போட வேண்டியதில்லை. சந்தேகமான மரத்துக்கு மட்டும் முளையிலிருந்து அடிமரத்தின் நடுவரை அளந்தால் உள்ளேயா வெளியேயா என்பது தெரிந்துவிடும். சிக்கல், டேப் புதரைச் சுற்றி வளையும்போது வரும். நடுவில் 90 செ.மீ. விலகிப் போனால் நேர்த்தூரம் 30 செ.மீ. குறைந்து 5.34 மீட்டராகிவிடும். எல்லாப் பக்கமும் அப்படி நடந்தால் பரப்பு 90 சதுர மீட்டருக்கும் கீழே இறங்கி, பத்துக்கு ஒரு மரம் காணாமல் போகும். இந்த அளவு பிளாட்டில் ஒரு மரம் விட்டால் ஹெக்டேருக்கு 100 மரம் விட்டதாகக் கணக்கு! புதர் தாழ்வாக இருக்கும் இடத்தில் டேப்பை மார்புக்கு மேல் தூக்கிப் பிடித்தாலே பாதிப் பிழை போய்விடும்.

சதுரத்துக்கு நான்கு முளை, கயிறு, நான்கு பேர். மூலை செங்கோணமாக வர 3-4-5 பக்கமுள்ள முக்கோணம், சரிபார்க்க மூலைவிட்டம் 14.14 மீட்டர். மாணவர்கள் மூலை சாய்வதைப் பற்றித்தான் பதறுவார்கள், ஆனால் அது பெரிய குற்றமில்லை. பக்கங்கள் சரியாக இருந்து, மூலைவிட்டம் 13 மீட்டருக்குச் சுருங்கினாலும் பரப்பு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறையும். பக்க நீளத்தில்தான் கண் வேண்டும்: நான்கும் 20 செ.மீ. குறைந்தால் 4 சதவீதம் போய்விடும். கயிற்றின் மேலேயே நிற்கும் மரத்துக்கு முன்கூட்டியே விதி வையுங்கள்: மேற்கு, தெற்கு பக்கங்களில் நிற்பவை கணக்கில் உண்டு, மற்ற இரு பக்கங்களில் நிற்பவை இல்லை. விதி இல்லாவிட்டால் ஒவ்வொரு குழுவும் தனக்குப் பிடித்த மரத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

எங்கள் தேர்வு இடத்தைப் பொறுத்தது. பார்வை போகும் நன்மங்கலத்துப் புதர்வெளியில் வட்டம். வீரை, காசா மரங்கள் தலைக்கு மேல் நெருங்கி நிற்கும் கிண்டியின் வறண்ட பசுமைமாறாக் காட்டில் முளை கண்ணுக்குத் தெரியாது, அங்கே சதுரம்.

மூன்றாவது முறை வேகமானது. சராசரித் தூரம் 2 மீட்டர் என்றால் ஒரு மரத்துக்கு 4 சதுர மீட்டர், ஹெக்டேருக்கு 2,500 மரம். ஆனால் இது மரங்கள் சிதறி நிற்பதாக நம்புகிறது. சீமைக்கருவேலம் திட்டுத்திட்டாகக் கிடந்தால் புள்ளிகள் பலவும் வெட்டவெளியில் விழும், தூரம் நீளும், அடர்த்தி குறைவாக வரும். முதல் வகுப்புக்கு வேண்டாம்.

எந்த முறையானாலும் ஒரே இடத்தில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள். சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில் எடுக்கிறோம். அடியிலேயே கிளைத்த மரத்தில் 20 செ.மீ. சுற்றளவுள்ள மூன்று தண்டுகள் இருந்தால், மூன்றையும் கூட்டி 60 என்று எழுதுவார்கள். அடிப்பரப்பு, அதாவது அந்த உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, 286 சதுர செ.மீ. என்று வரும். தனித்தனியாகப் பரப்பைக் கண்டு கூட்டினால் 95 தான், மூன்று மடங்கு வித்தியாசம்.

வகுப்பை ஜனவரி, பிப்ரவரியில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்து இலை நிறைந்திருக்கும், இனம் காண எளிது. வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும், இலை பறிப்பதற்கும்தான். எண்ணிய மரத்துக்குப் பெயிண்ட் வேண்டாம், சாக்பீஸ் போதும். நன்மங்கலத்துப் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை இருக்கும். அந்தப் பக்கம் பிளாட் போடாதீர்கள்.