பயோடேர்2: இலைக்குள் ஓடும் கடிகாரத்துக்குக் கணக்குப் போட ஓர் இலவச சேவை

செடியின் ஜீன்கள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஏறி இறங்குவதுதான் அதன் உயிர்க் கடிகாரம். அந்த ரீடிங்குகளை அலசித் தரும் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் பயோடேர்2 இணையச் சேவைக்குக் கட்டணம் இல்லை, இன்ஸ்டால் செய்யவும் எதுவும் இல்லை. கணக்குத் தொடங்கி எக்செல் ஃபைலை ஏற்றினால், ஒவ்வொரு செடிக்கும் பீரியட் (ஒரு சுழற்சிக்கு ஆகும் நேரம்), ஃபேஸ் (உச்சம் வரும் வேளை), ஆம்ப்ளிட்யூட் (ஏற்ற இறக்கத்தின் உயரம்) மூன்றையும் போட்டுத் தருகிறது. சேலத்து ரிசர்ச் ஸ்காலர்கள் இதற்கென்று காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. முதல் இரண்டுக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம். மூன்றாவதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

நேரத்தை 0, 3, 6 என்று மணிக்கணக்கில் எழுதி, மறுநாளை 24, 27 என்று தொடருங்கள். நள்ளிரவில் மறுபடி 0 போட்டால் கோடு பின்னோக்கி ஓடும். லூசிஃபெரேஸ் (ஜீன் வேலை செய்யும்போது செடியை ஒளிரச் செய்யும் என்சைம்) ரீடிங் என்றால் முதல் 24 மணி நேரத்தை வெட்டிவிடுங்கள். அந்த என்சைமின் மூலப்பொருளான லூசிஃபெரின் தெளித்ததும் அதுவரை தேங்கிய என்சைம் ஒரேயடியாக ஒளிர்ந்து அடங்கும். தொடர் வெளிச்சத்துக்கு மாறிய செடி நிலைப்படவும் ஒரு நாள் பிடிக்கும். பிறகு கிராஃப் மெல்லச் சரிந்தால் லீனியர் டீட்ரெண்ட் (அந்தச் சரிவை நேர்கோடாகக் கழிப்பது) போதும். நீண்ட, சீரான தொடரின் பீரியட் கணக்குக்கு எஃப்எஃப்டி-என்எல்எல்எஸ் முறை, ரிதம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க ஈ-ஜேடிகே சோதனை. இரண்டு சுழற்சிக்குக் குறைவான டேட்டாவில் எந்த முறையையும் நம்ப வேண்டாம். கூடவே டாக்1-1 மியூட்டன்ட்டையும் (டாக்1 என்ற கடிகார ஜீன் மாறிய, ஆய்வகச் செடியான அராபிடாப்சிஸ்) வையுங்கள். அதன் பீரியட் 21 மணி நேரத்தை ஒட்டி வராவிட்டால் தப்பு பெரும்பாலும் செடி வளரும் சேம்பரில்தான். மே மாத சேலத்தில் ஏசி நின்றால், விளக்கு யுபிஎஸ்ஸில் எரிந்தாலும் சூடு ஏறி ஃபேஸ் நகர்ந்துவிடும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் இலை பறித்துப் பீரியட் போட நினைத்தால் வீண் வேலை. சூரியன் தினமும் திருத்தி வைக்கிற செடியில் விடை 24 தான். அங்கே ஃபேஸ் மட்டுமே சேதி. காபி இலையில் பாலிஃபீனால் அதிகம், ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் ட்ரைசால் திரவத்தை மட்டும் நம்பினால் ஆர்என்ஏ பழுப்பாக இறங்கும். சிடிஏபி (செல்லை உடைக்கும் டிடர்ஜென்ட்) கரைசலில், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபியை 2 சதவீதம் சேர்த்து, லித்தியம் குளோரைடில் படிய வையுங்கள். பறித்த இலையை உறைய வைக்கும் லிக்விட் நைட்ரஜன் குடுவையை ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் கொண்டுபோகும்போது மூடியை இறுக்காமல், கார் கண்ணாடியை இறக்கி வைப்பது உயிருக்கு நல்லது.

இனி ஆம்ப்ளிட்யூட். நார்மலைஸ் செய்த (எல்லாவற்றையும் ஒரே அளவுகோலுக்குச் சுருக்கிய) கிராஃபில் சிசிஏ1, டாக்1 என்ற இரு கடிகார ஜீன்களும் ஒரே உயரத்தில் நிற்கும். செல்லுக்கு எத்தனை மூலக்கூறு என்பது அதில் இல்லை. அளவு அதிகம் மாறாத ஐபிபி2 ஜீனோடு ஒப்பிட்ட க்யூபிசிஆர் (ஆர்என்ஏ அளவைக் கணிக்கும் சோதனை) விகிதமும் அப்படித்தான். அந்த எண்ணைக் கடிகாரத்தின் கணித மாடலில் போட்டால் உற்பத்தி வேகம், சிதைவு வேகம் எல்லாமே அலகில்லாத எண்களாகிவிடும். வேண்டியது இது: பிரித்தெடுப்பதற்கு முன்பே உறைந்த இலைத்தூளில் எண்ணிக்கை தெரிந்த அந்நிய ஆர்என்ஏ சேர்க்க வேண்டும். எண்ணிக்கை தெரிந்த மாதிரிகளை வைத்துப் போட்ட க்யூபிசிஆர் ஸ்டாண்டர்டு கோட்டின் சரிவு -3.3 அருகே இருக்கிறதா என்று பார்த்து, பச்சை எடையால் (உலர்த்தாத இலையின் எடை) வகுக்க வேண்டும். 2015-இல் வெளியான டைமெட் என்ற செடிக் கடிகார ஆய்வுத் திட்டத்தின் ஆர்என்ஏ டேட்டாவின் பலமே இந்த அந்நிய ஆர்என்ஏ அளவுகோல்தான்.

புரோட்டீனை ஆர்என்ஏவிலிருந்து ஊகிக்க முடியாது. இருட்டில் இசட்டிஎல் என்ற புரோட்டீன், டாக்1 புரோட்டீனைச் சிதைக்கிறது. அதே ஆர்என்ஏ அளவுக்குப் பகலில் ஒரு புரோட்டீன் அளவு, இரவில் வேறொன்று. புரோட்டீனோடு நானோலக் (ஒளிரும் என்சைம்) ஒட்டிய செடியில் அளப்பவர்கள், சுத்தமான நானோலக் ஸ்டாண்டர்டை வெறும் பஃபரில் கலக்காமல் சாதாரணச் செடியின் இலைச்சாற்றில் கலக்க வேண்டும். பச்சையம் ஒளியை விழுங்குவதால், பஃபரில் போட்ட கோடு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும்.