ஆணி டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் கோபம்

சைக்கிளின் பின்சக்கரத்து ஹப்பை (சக்கரத்தின் நடுக் குடத்தை) மாற்றி, செயினையும் மாற்றி, பில்லைக் கட்டிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். எரிச்சல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதே வாரம் பார்த்து நண்பர் ஒருவர், "ஆணி டயர் போட்டா பனியில விழவே மாட்டோமா? வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்க ரப்பரில் சின்னச் சின்ன உலோக ஆணிகள் பதித்த சைக்கிள் டயர்தான் ஆணி டயர். ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். மனசு வரவில்லை.

ஆணி எத்தனை, எடை எவ்வளவு என்பதெல்லாம் பெட்டியிலேயே போட்டிருக்கும், அதற்குள் போகவில்லை. ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: ஆணியின் முனை டங்ஸ்டன் கார்பைடா (எஃகைவிடக் கடினமான பொருள்), வெறும் எஃகா? எஃகு ஆணி வெறும் தாரில் ஓட ஓட மழுங்கிப் போகும். கார்பைடு அப்படியே நிற்கும். என்னுடையது கார்பைடு. மாட்டிய புதிதில் முதல் 40, 50 கிலோமீட்டர் தார்ச் சாலையிலேயே, சடாரென்று பிரேக் போடாமல், எழுந்து நின்று மிதிக்காமல் ஓட்டினேன். ஆணிகள் ரப்பருக்குள் நன்றாக உட்கார வேண்டுமே. உட்கார்ந்தன. சில குளிர்காலம் ஆகியும் ஒன்றுகூடக் கழன்று விழவில்லை.

பனிக்கட்டியில் இது எப்படி என்று கேட்டால், குறை சொல்ல வாயில்லை. பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த பாதை இருக்கிறதே, மேலே மெல்லிய நீர்ப்படலம் மினுங்கிக்கொண்டு, நடப்பவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார்களே, அதில் முன்சக்கரம் கரகரவென்று கடித்துக்கொண்டு நேராகப் போகிறது. பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில்தான் பனிக்கட்டி மிக மோசமாக வழுக்கும். மைனஸ் 15, 20 என்று இறங்கினால் அதற்கே ஒரு சொரசொரப்பு வந்துவிடும். பலர் நினைப்பது நேர்மாறாக. கடுங்குளிர் நாளில் பயந்து உட்கார்ந்துவிட்டு, "இன்றைக்குக் கொஞ்சம் இளகியிருக்கிறது" என்று கிளம்புகிறவர்கள்தான் விழுகிறார்கள். பாலத்தின் மேல் இன்னும் கவனம் வேண்டும். அடியிலும் குளிர்காற்று போவதால் மற்ற சாலை ஈரமாக மட்டும் இருக்கும்போதே பாலம் உறைந்திருக்கும். இந்த டயர் அந்த இடத்தையும் சத்தமில்லாமல், சரி, சத்தத்தோடுதான், கடந்துவிடுகிறது.

வேடிக்கை நிறுத்தும்போதுதான். டயர் பிடித்த பிடியில் கீழே பனிக்கட்டி இருப்பதே மறந்துபோகும். சிக்னலில் நின்று காலை ஊன்றினால் கால் தனியாகப் போகிறது! டயருக்கு ஆணி உண்டு, செருப்புக்கும் ஷூவுக்கும் ஏது? சீட்டைக் கொஞ்சம் இறக்கி, ஊன்றும்போது பாதம் முழுக்கத் தட்டையாகப் படும்படி வைத்தால் சமாளிக்கலாம். நண்பருக்கு முதல் பதில் இதுதான். ஓடும்போது விழமாட்டீர்கள், நிற்கும்போது விழுவீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதிதாக விழுந்த பஞ்சுப் பனியில் ஆணிக்கு வேலையே இல்லை. அங்கே பேசுவது டயரின் பள்ளமும் அகலமும்தான். கார்கள் மிதித்து, அப்படியே இறுகி உறைந்த தடங்களிலும் ஆணி காப்பாற்றாது. சக்கரம் தடத்துக்குள் போய்விட்டால் அது போகிற வழிதான் உங்கள் வழி. அதிலிருந்து ஏறி வெளியே வர ஹேண்டிலை ஒடித்தால் ஆள் ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். தடம் ஆழமாக இருந்தால் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பிரேக் விஷயமும் அப்படித்தான்: வழுக்கும் இடத்தில் முன் பிரேக்கைத் தொடாமல், பின் பிரேக்கை மட்டும், அதுவும் வளைவுக்கு முன்னாலேயே. பின்சக்கரம் வழுக்கினால் இடுப்பை அசைத்துச் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் அதைப் பற்றி யோசிக்கவே நேரம் கிடைக்காது.

சரி, ஹப்புக்கு வருகிறேன்.

ஆணி டயர் வாங்கும் முன்பு பனி விழுந்தால் சைக்கிள் உள்ளே, நான் பேருந்தில். சைக்கிள் அந்த மாதங்களில் தூங்கும், வசந்தத்தில் புதிதுபோல எழும். டயர் வந்த பிறகு தூக்கமே கிடையாது. போகலாம் என்று டயர் சொல்கிறது, நானும் போகிறேன். சாலையில் கொட்டியிருக்கும் உப்பும் பனியும் கலந்த அந்தச் சாம்பல் நிறச் சேறு செயினில், பிரேக்கில், ஹப்பின் ஓரத்து ரப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே என்று எல்லா இடத்திலும் ஏறுகிறது. மட்கார்டு போட்டாலும் வரும், போடாவிட்டால் முதுகு வரை வரும். செயின் ஒரே இரவில் செம்மண் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். டயருக்கு மட்டும் உப்பு ஒன்றும் செய்வதில்லை. கார்பைடு முனை அதே பளபளப்போடு சிரிக்கிறது.

அதோடு உறைதல். பின்ஹப்புக்குள் சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும். மிதிக்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும், மிதிக்காதபோது டிக் டிக் என்று வழுக்கி ஓடும். அதில் கெட்டியான கிரீஸ் இருந்தால் கடுங்குளிரில் மெழுகாகிவிடும். தண்ணீர் புகுந்திருந்தால் இன்னும் மோசம், நாக்கு மடங்கிய இடத்திலேயே உறைந்துவிடும். அப்புறம் பெடலை மிதித்தால் செயின் சுற்றும், சக்கரம் சுற்றாது. சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன் அடித்து, நான் காற்றை மிதித்துக்கொண்டு நிற்பேன். டயரோ அப்போதும் பனிக்கட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்து என்ன பிரயோஜனம்?

இதில் வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பதா, வெளியிலேயே விடுவதா என்பது தீராத வழக்கு. உள்ளே கொண்டுவந்தால் ஒட்டியிருக்கும் பனி உருகி, தண்ணீர் ஹப்புக்குள்ளும் பிரேக் கேபிளின் உறைக்குள்ளும் இறங்கும். காலையில் வெளியே போனதும் அதே இடத்தில் உறையும். போதாததற்கு, வெதுவெதுப்பில் உப்பு இரும்பைத் தின்னும் வேகம் கூடும். வெளியிலேயே விட்டால் துருப்பிடிப்பது மெதுவாகும், உருகி உறையும் தொல்லை இல்லை. ஆனால் கிரீஸ் விறைத்திருக்கும், பூட்டுத் துவாரம் உறைந்திருக்கும், திருடனுக்கும் வசதி. நான் இப்போது செய்வது நடுவழி: நாக்குகளில் கிரீஸுக்குப் பதில் மெல்லிய எண்ணெய், பேரிங்கில் மட்டும் நீர் புகாத கிரீஸ், சைக்கிள் சூடில்லாத கூரைக்குக் கீழே. உள்ளே வைக்கவே வேண்டும் என்றால் பனியை முதலில் பிரஷ்ஷால் தட்டி உதறிவிட்டு, முழுக்கக் காய்ந்த பிறகே வெளியே எடுப்பது. அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயால் கழுவ வேண்டாம், உப்பைத் தள்ளி உள்ளே அனுப்பிவைக்கும். வீட்டுத் தரையில் உருட்டவும் வேண்டாம். ஆணி போட்ட கோடு போகாது.

காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் 20 டிகிரியில் 4 பார் அழுத்தத்துக்குக் காற்றடித்த டயர், வெளியே மைனஸ் 10-ல் சுமார் 3.5 பார்தான் காட்டும். ஓட்டை என்று நினைத்து டியூபைக் கழற்ற வேண்டாம். காற்று குறைந்தால் அதிக ஆணி தரையில் படும், பனிக்கட்டிக்கு நல்லது. வெறும் தாரில் அதே காரணத்தால் மிதிப்பு கனக்கும்.

அந்த மிதிப்பையும் சத்தத்தையும் பற்றி வேறு எல்லோரும் புலம்பியாகிவிட்டது. உண்மைதான். காய்ந்த சாலையில் நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டே வருகிறது, எதிர்க்காற்றில் போவது போல இருக்கிறது. பழகிவிடும். முன்னால் நடப்பவர்கள் சத்தம் கேட்டு விலகுவது ஒரு லாபம், மணி அடிக்க வேண்டியதில்லை.

பின்லாந்தில் ஊலு என்று ஓர் ஊர். குளிர்காலச் சைக்கிள் ஓட்டத்துக்கென்றே நடக்கும் சர்வதேச மாநாடு முதன்முதலில் 2013-ல் அங்கேதான் கூடியது. அங்கே சைக்கிள் பாதைகளில் உப்பைக் கொட்டிக் கரைத்துச் சேறாக்குவதைவிட, பனியைச் சமன்செய்து இறுக்கி, மேலே ஜல்லிப்பொடி தூவி வைப்பதுதான் பெரும்பாலும் வழக்கம். சாதாரண டயரிலேயே குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள். சமையல் உப்பின் சங்கதியே மைனஸ் 10 வாக்கில் சோர்ந்துபோவதுதான், அதற்கும் கீழே அதைக் கொட்டிப் பெரிதாகப் பலன் இல்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் என் செயினை நினைத்துக்கொள்கிறேன். வாங்க வேண்டியது டயரா, அந்த ஊர்ப் பாதையா என்று தோன்றும்.

ஆகவே நண்பரே, வாங்க வேண்டாம். உங்கள் பாதையில் உப்பு போடுகிறார்கள் என்றால் நிச்சயமாக வேண்டாம். சாலை பெரும்பாலும் ஈரத் தாராகத்தான் இருக்கும், பனிக்கட்டி நாட்களில் பேருந்து இருக்கிறது. ஹப்பாவது பிழைக்கும். கேட்கமாட்டேன் என்றால் முன்சக்கரத்துக்கு ஒன்று மட்டும் வாங்குங்கள். பின்னுக்கு மட்டும் போட்டு முன்னை விட்டுவிடாதீர்கள், அது தலைகீழ்ப் புத்தி. செயினுக்குப் பதில் பெல்ட் ஓடும் பழைய சைக்கிள் ஏதாவது மலிவாகக் கிடைத்தால் குளிர்காலத்துக்கென்று அதை ஒதுக்கிவிடுங்கள், பெல்ட் துருப்பிடிக்காது.

என்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறாயா என்று கேட்டிருந்தீர்கள். கொடுப்பதற்கில்லை. ஹப் மாற்றியவரிடம் அதே டயரைத்தான் திரும்ப மாட்டச் சொல்லியிருந்தேன். நாளைக்கு மைனஸ் 2 என்கிறார்கள்.