முடிவை முதலில் சொல்வதா, கேட்பவர்களை ஊகிக்கச் சொல்வதா?

ஆய்வு முடிவைக் கூட்டத்தின் முன் வைக்க மூன்று வழிகள் உண்டு: முதல் ஸ்லைடிலேயே போட்டு உடைப்பது, சான்றுகளை அடுக்கிக் கடைசியில் சொல்வது, காட்டுவதற்கு முன் கேட்பவர்களையே ஊகிக்கச் சொல்வது.

முதல் வழியில் நேரம் மிச்சம். பாதியில் எழுந்து போகிறவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். எல்லாரும் ஏற்கெனவே பாதி ஒப்புக்கொண்ட விஷயம் என்றால் இதுவே போதும். அவர்கள் நம்பிக்கைக்கு எதிரான முடிவென்றால்தான் சிக்கல். 1979-இல் லார்ட், ராஸ், லெப்பர் என்ற உளவியலாளர்கள், மரண தண்டனையை ஆதரித்த மாணவர்களுக்கும் எதிர்த்த மாணவர்களுக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். தண்டனை குற்றத்தைத் தடுக்கிறது என்றது ஒன்று, இல்லை என்றது மற்றொன்று. தன் பக்கம் பேசிய ஆய்வு உறுதியானதாகவும், எதிர்ப்பக்கம் பேசியது ஓட்டையாகவும் அவரவர்க்குத் தெரிந்தது. அரங்கிலும் இதே கதைதான். முடிவைப் பார்த்த கணமே 'சாம்பிள் போதாதே' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டாவது வழி நேர்மையாகத் தெரியும், ஆனால் இழுக்கும். தவிர, முதலில் காட்டும் எண் மனதில் நங்கூரமாகிவிடும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-இல் எழுதிய சோதனையில், சுழல்சக்கரத்தில் 10 விழக் கண்டவர்கள் ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் 25% என்று மதிப்பிட்டார்கள். 65 விழக் கண்டவர்கள் 45% என்றார்கள். சம்பந்தமே இல்லாத எண்ணுக்கே இந்த இழுவை என்றால், போன வருடக் கணக்கை முதல் ஸ்லைடில் வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. காரணம், ஆய்வாளர்கள் காதில் அடிக்கடி விழும் 'இதுதான் எங்களுக்கே தெரியுமே' என்ற வரி. விளைவு தெரிந்தபின் அது முன்பே எதிர்பார்க்கக்கூடியதாக இருந்ததுபோல் தோன்றும் என்பதை 1975-இல் உளவியலாளர் ஃபிஷாஃப் காட்டினார். ஊகத்தை முன்பே எழுதி வைத்தவர் அப்படிச் சொல்ல முடியாது. விண்ணப்பப் படிவத்தை நிரப்புகிறவர்கள் எந்தப் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். முடிவைக் காட்டும் முன் ஆளுக்கொரு சீட்டில் பக்க எண்ணை எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்லச் சொன்னால் மேனேஜர் சொன்ன எண்ணையே மற்றவர்களும் சொல்வார்கள். சீட்டில் பெயரும் வேண்டாம். தப்பாக ஊகித்த பெரியவரைச் சபையில் மாட்டிவிட்டால் அப்புறம் அவர் எதையும் ஏற்கமாட்டார். எல்லாரும் எதிர்பார்த்ததே முடிவாக வந்தால் இது வெறும் வினாடி வினா. அப்போது முதல் வழிக்கே போய்விடலாம்.

எந்த வழியானாலும் சதவீதமா, 'இத்தனை பேரில் இத்தனை பேர்' என்ற தலைக்கணக்கா என்ற கேள்வி வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தலைக்கணக்குதான். உளவியலாளர் கிகெரென்சர் பயன்படுத்தும் மார்பகப் புற்றுநோய்ச் சோதனைக் கணக்கைப் பாருங்கள். நோய் 1% பேருக்கு, சோதனை அவர்களில் 90% பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 9% பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இப்படிக் கேட்டால் மருத்துவர்களே தடுமாறுகிறார்கள். இதையே 1000 பெண்கள் என்று சொல்லிப் பாருங்கள்: 10 பேருக்கு நோய், அதில் 9 பேருக்குப் பாசிட்டிவ்; நோயில்லாத 990 பேரில் சுமார் 89 பேருக்கும் பாசிட்டிவ். ஆக பாசிட்டிவ் வந்த 98 பேரில் 9 பேருக்குத்தான் நோய். 90% மட்டும் காதில் விழுந்தவர், பத்தில் ஒன்பது என்றே நினைத்துக்கொண்டு எழுந்து போயிருப்பார்.