கோவை அவிநாசி ரோட்டுக்கு எது தேவை, மேம்பாலமா மெட்ரோவா?

உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், நடுவில் ஒரு சிக்னல் கிடையாது. 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி.நாயுடு மேம்பாலம் காரில் போகிறவர்களுக்கு வரம்தான், விமானம் பிடிக்க ஓடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்க. ஆனால் பீளமேட்டில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கு அதில் என்ன கிடைத்தது? நிழல் கிடைத்தது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று ஆள் ஏற்ற வேண்டிய பஸ் பாலத்து மேல் போய் என்ன செய்யும்?

மெட்ரோ கதை வேறு. அவிநாசி ரோடு, சத்தி ரோடு என்று இரண்டு வழித்தடம் போட்டு டெல்லிக்கு அனுப்பிய அறிக்கை 2025 நவம்பரில் திரும்பி வந்துவிட்டது, 2017 மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டுமாம். அவர்கள் பார்த்ததோ 2011 கணக்கு! அதற்கப்புறம் எத்தனை பேர் இங்கே குடியேறிவிட்டார்கள் என்பது சாயங்காலம் சரவணம்பட்டியில் ஒருமுறை வண்டி ஓட்டினாலே தெரிந்துவிடும்.

செலவைப் பார்த்தால் பாலம் ஜெயிக்கும். 1,791 கோடியில் முடிந்தது, மெட்ரோவுக்குப் பத்தாயிரம் கோடிக்கு மேல். ஆனால் கூட்டம் கூடினால் ரயிலில் பெட்டி சேர்க்கலாம், நான்கு வழிப் பாலத்தில் ஐந்தாவது வழியை எங்கே ஒட்டுவது? அதோடு, மேலே பறந்து வந்த வண்டியெல்லாம் கடைசியில் இறங்கி ஏதோ ஒரு சிக்னலில்தானே நிற்கிறது.

என் ஓட்டு மெட்ரோவுக்குத்தான். அது வருகிற வரை சும்மா இருக்க வேண்டாம், பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கென்று தனி வழி ஒதுக்கி, காந்திபுரத்திலிருந்து அடிக்கடி வண்டி விடட்டும்.